முதல் பக்கம் இல்லாத அட்லஸ், 1,450 ரூபாய்

பழைய புத்தகம் விற்கிற ஒருவரிடம் ஆன்லைனில் வாங்கியது. விலை 1,450, கூரியர் 210. 'நல்ல நிலையில் உள்ளது' என்று போட்டிருந்தார். அட்டை நல்ல நிலையில்தான் இருந்தது. படமும் அட்டையை மட்டுமே எடுத்துப் போட்டிருக்கிறார் என்பதைப் பணம் கட்டிய பிறகுதான் கவனித்தேன். பிரித்துப் பார்த்தால் முதல் நான்கு தாள் இல்லை. முதுகுத் தையல் விட்டிருக்கிறது. ராமபாணப் பூச்சி ஸ்பெயினில் நுழைந்து பொலிவியாவில் வெளியே வந்திருக்கிறது. ஸ்பானியர்கள் போன வழிதான்.

திருப்பி அனுப்பலாமா என்று ஒரு நாள் யோசித்தேன். அனுப்பவில்லை. மூன்று மாதமாகச் சாப்பாட்டு மேஜையில் பாதியை இதுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதற்கு வீட்டில் வாங்கும் திட்டு தனிக் கணக்கு.

நான் ஆர்.எம்.எஸ்ஸில், அதாவது ரயில்வே தபால் சேவையில், 33 வருஷம் ஊர்வாரியாகக் கடிதம் பிரித்தவன். ஓடுகிற ரயிலில், ஆடுகிற விளக்கில், பாதி அழிந்த விலாசத்தில் ஊர்ப் பெயர் படிப்பதுதான் பிழைப்பு. பெரிய ஊர்கள்மேல் எனக்கு அப்போதும் ஆசை கிடையாது. அவற்றுக்குத் தனிப் பை உண்டு, கை தானாகப் போகும். சின்ன ஊர்தான் ஆளை நிறுத்தும். இந்த அட்லஸில் அப்படி நிறுத்துகிற ஊர்கள் பக்கத்துக்குப் பக்கம் இருக்கின்றன.

பதிப்பு ஆண்டு இருந்த தாளும் போய்விட்டதால், நாடுகளின் பெயர் மாறிய தேதியை வைத்து வயதை நாமே கண்டுபிடிக்க வேண்டும். அது ஒரு நல்ல பொழுதுபோக்கு. சாம்பியா இருக்கிறது, ஆகவே 1964 அக்டோபருக்குப் பிறகு. போட்ஸ்வானா இல்லை, பெச்சுவானாலாந்து என்றே இருக்கிறது; ஆகவே 1966 செப்டம்பருக்கு முன். நம் பக்கத்தில் மெட்ராஸ் ஸ்டேட். சரி, 1965 என்று வைத்துக்கொண்டேன்.

போனில் வராததா என்று பேத்தி கேட்டாள். போனில் ஊர் பெயர் தெரிந்தால்தான் ஊருக்குப் போக முடியும். சின்ன ஊர்களை அது பெரிதாக்கிப் பார்த்தால்தான் காட்டும், அதுவும் அதற்கு மனசு வந்தால். காகிதத்தில் அப்படி இல்லை, எறும்பு அளவு எழுத்தானாலும் அச்சடித்தது அச்சடித்ததுதான். பூதக்கண்ணாடியை வைத்து ஓர் ஊரைப் பிடிக்கிறேன். பின்னால் இருக்கிற ஊர்ப் பட்டியலில் அதன் அட்சரேகை, தீர்க்கரேகையைப் பார்க்கிறேன். அந்த எண்ணைப் பேத்தி போனில் போடுகிறாள். பெயர் மாறியிருந்தாலும் எண் மாறாது அல்லவா?

முதலில் பிடித்த ஊர் முய்நாக். இப்போது உஸ்பெகிஸ்தானில் இருக்கிறது. அட்லஸில் ஆரல் கடலின் தென்கரையில், மூக்கு மாதிரி நீலத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. 1960 வாக்கில் ஆரல் உலகின் நான்காவது பெரிய ஏரி, சுமார் 68,000 சதுர கிலோமீட்டர். முய்நாக்கில் மீனை டப்பாவில் அடைக்கிற பெரிய ஆலை இருந்தது. 43 டிகிரி 46 வடக்கு, 59 டிகிரி 2 கிழக்கு என்று போனில் போட்டால் சுற்றிலும் ஒரே மணல். ஆரலில் வந்து விழுந்த ஆமு தரியா, சிர் தரியா இரண்டு ஆற்றையும் பருத்திக்குத் திருப்பிவிட்டார்கள். கரை நூறு கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கிப் போய்விட்டது. துருப்பிடித்த படகுகள் மணலில் வரிசையாக நிற்பதைப் படத்தில் பார்த்த பேத்தி, "தாத்தா, உங்க புக்குல தண்ணி இருக்கே" என்றாள்.

மேற்கு ஆஸ்திரேலியாவில் விட்டனூம். நீல ஆஸ்பெஸ்டாஸ் எடுத்த சுரங்க ஊர். சுரங்கம் 1966-இல் மூடியது. அந்தத் தூசி நுரையீரலுக்குள் போய்ச் செத்தவர்கள் ஏராளம். 2007-இல் அரசாங்கமே ஊர் என்ற அந்தஸ்தை நீக்கி, சாலைப் பலகையிலிருந்தும் பெயரை எடுத்துவிட்டது. கடைசியாகத் தங்கியிருந்தவர் 2022-இல்தான் வெளியேற்றப்பட்டார். என் மேஜையில் மட்டும் அது இன்னும் ஊர்தான்.

ஆனால் என்னை இரண்டு நாள் தூங்கவிடாதது வாடி ஹல்ஃபா. சூடானின் வடக்கு முனை, நைல் கரை. கார்ட்டூமிலிருந்து பாலைவனத்தைக் குறுக்கே வெட்டி வருகிற ரயில் பாதை அங்கே முடிகிறது. அந்தக் காலத்தில் ரயிலை விட்டு இறங்கி நீராவிப் படகு ஏறினால் எகிப்து. அஸ்வானில் பெரிய அணை கட்டியபோது தேங்கிய தண்ணீர் 1964-இல் அந்த ஊரை மூழ்கடித்தது. அங்கே வாழ்ந்த நூபியர்களில் பெரும்பாலோரை அட்பரா ஆற்றுப் பக்கம் கொண்டுபோய்க் குடியமர்த்தினார்கள். சிலர் மட்டும் போக மாட்டோம் என்று தண்ணீர் ஏற ஏற மேலே நகர்ந்து அங்கேயே இருந்துவிட்டார்கள். இன்றைய வாடி ஹல்ஃபா அப்படித் தங்கியதுதான்.

ரயில் முடிகிற இடம், அங்கே கப்பல், எதிர்க்கரையில் வேறு நாடு, வருஷம் 1964. இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று இந்தியப் பக்கத்தைத் திருப்பினேன். பாம்பனைத் தாண்டி ஒரு மெல்லிய கறுப்புக் கோடு. அதன் நுனியில் தனுஷ்கோடி. அங்கிருந்து தலைமன்னாருக்குக் கடலில் புள்ளிக்கோடு. அந்த டிசம்பர் புயலில் பயணிகளோடு ரயிலையே கடல் கொண்டுபோன செய்தி படம் வரைந்தவருக்குப் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. வாடி ஹல்ஃபாவுக்கும் அங்கே இன்னும் பழைய கரைதான், நைலும் ஒல்லியாகத்தான் ஓடுகிறது. 1965-இல் யாராவது இந்தப் புத்தகத்தைப் பார்த்து அந்த இரண்டு ஊருக்கும் கடிதம் போட்டிருந்தால், பிரிக்கிறவன் எந்தப் பையில் போட்டிருப்பான்?

குறைகளும் உண்டு. இரண்டு பக்கமாக விரிகிற படங்களில் நடுத் தையல் ஊர்களை விழுங்கிவிடுகிறது. மங்கோலியாவில் ஓர் ஊரின் கடைசி மூன்று எழுத்துதான் வெளியே தெரிகிறது. தென்னமெரிக்கப் பக்கத்தில் நீல மை அரை மில்லிமீட்டர் தள்ளி விழுந்திருப்பதால் ஆறுகள் பள்ளத்தாக்கை விட்டு மலைமேல் ஏறி ஓடுகின்றன. எடை நாலு கிலோ, மடியில் வைத்துப் படிக்க முடியாது. வாங்குகிறவர்கள் அட்டையைப் பார்த்து ஏமாறாமல், பின்னால் உள்ள ஊர்ப் பட்டியல் கடைசி எழுத்துவரை இருக்கிறதா என்று படம் கேட்டு வாங்குங்கள். அது இல்லாவிட்டால் 200 ரூபாய்க்குக் கொடுத்தாலும் வேண்டாம். எனக்கு அந்தப் பட்டியல் தப்பிப் பிழைத்தது வெறும் அதிர்ஷ்டம்.

தையலைச் சரிசெய்ய பைண்டிங் கடைக்கு எடுத்துப் போனேன். 350 ரூபாய் கேட்டார், ஞாயம்தான். ஆனால் ஓரத்தை மூன்று மில்லிமீட்டர் வெட்டினால்தான் ஒழுங்காக வரும் என்றார். ரஷ்யாவின் கிழக்குக் கோடி ஊர் வுயெலென். அது சைபீரியப் பக்கத்தின் விளிம்பில், சரியாக அந்த மூன்று மில்லிமீட்டருக்குள் உட்கார்ந்திருக்கிறது. வேண்டாம் என்று தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போதைக்குச் சணல் கயிறு போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன், கடிதக் கட்டுக்குப் போடுகிற அதே முடிச்சு.