இல்லம் தேடிக் கல்வி மையம்: விட்டதைப் பிடிக்கவா, ஹோம்வொர்க் முடிக்கவா?

இல்லம் தேடிக் கல்வி, கொரோனாவில் பள்ளி மூடியபோது விட்ட படிப்பைப் பிடிக்கத் தமிழக அரசு 2021 அக்டோபரில் தொடங்கிய திட்டம். தொடங்கியபோது சுமார் 20 பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர், மாலையில் ஒன்றரை மணி நேரம் வரை வகுப்பு, மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. இதில் என்ன கிடைத்துவிடும் என்பவர்களுக்குப் பதில் இருக்கிறது. தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்த ஆய்வில், கொரோனாவில் விட்டதில் மூன்றில் இரண்டு பங்கைப் பள்ளி திறந்த ஆறு மாதத்தில் பிடித்துவிட்டார்கள். அந்த மீட்சியில் ஏறக்குறைய 24 சதவீதம் இந்த மையங்களால் வந்தது. அதற்கு மேல் மையத்தின் கணக்கில் எழுத வேண்டாம்.

நல்ல மையத்தில் முதல் சில நாள் பாடமே நடக்காது. ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்காரவைத்து எழுத்து, சொல், வாக்கியம், பத்தி என வாசிக்கச் சொல்லி, தடுமாறித் தட்டுகிற இடத்தைக் குறித்துக்கொள்வார்கள். நாலாம் வகுப்புப் பிள்ளை சொல்லிலேயே தட்டினால், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடுதான் உட்காரும்.

தமிழில் அடிக்கடி தட்டுவது ஒகர வரிசை. 'கொடி'யை 'கெரடி' என்று வாசிக்கும் பிள்ளைக்கு எழுத்து தெரியாமலில்லை. ஒற்றைக்கொம்போடு 'கெ' என்று முடித்துவிட்டு, துணைக்காலை 'ர' என்று தனியாக எடுத்துக்கொள்கிறது. கதை முழுவதையும் திரும்ப வாசிக்க வைத்துப் பயனில்லை. கெடு–கொடு, செல்–சொல், மெட்டு–மொட்டு என்று அட்டையில் எழுதி, துணைக்காலை விரலால் மூடியும் திறந்தும் காட்ட வேண்டும்.

கணக்கில் 52-ல் 27 போனால் 35 என்று பிள்ளை எழுதும். இரண்டில் ஏழு போகாததால் ஏழில் இரண்டைக் கழித்துவிடுகிறது. 'பக்கத்து வீட்டில் கடன் வாங்கு' என்று மனப்பாடம் செய்த பிள்ளை 502-ல் 27-ஐக் கழிக்கும்போது மறுபடி விழும். பக்கத்து வீட்டில் இருப்பது பூஜ்ஜியம். 52-க்கு ஐந்து பத்துக்கட்டு, இரண்டு தனிக்குச்சி வையுங்கள். ஒரு கட்டின் ரப்பர் பேண்டை அவிழ்த்தால் தனிக்குச்சி 12. ஏழை எடுத்தால் 5. மிச்சமுள்ள நாலு கட்டில் இரண்டு போக இரண்டு. ஆக 25. நூறு ஈர்க்குச்சி போதும், காசு கொடுத்து வாங்கும் கிட் எதுவும் வேண்டாம்.

மையம் சறுக்குவது பெரும்பாலும் ஹோம்வொர்க் முடித்துக்கொடுப்பதில். பெற்றோர் கேட்பதே அதுதான். நோட்டில் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். அதில் ஒரு வரி வாசிக்கச் சொன்னால் பிள்ளை விழிக்கும். அடுத்தது, முதல் வாரம் போட்ட குழுவை அப்படியே விடுவது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சோதித்து மேலே ஏற்றாவிட்டால் அது 'மக்கு பெஞ்ச்' ஆகிவிடும். அப்புறம் பிள்ளை வராது.

சேர்த்து ஒரு மாதம் கழித்துக் கேளுங்கள்: "என் பிள்ளை எந்த எழுத்தில் தட்டுறான்?" "நல்லாத்தான் படிக்கிறான்" என்று மட்டும் பதில் வந்தால் வேறு மையம் பாருங்கள்.