பல்லாங்குழிக்கு லவ் 2டி, ஆத்தங்குடித் தரைக்கு கோடோ

வேலை முடிந்த ராத்திரிகளில் கேம் எழுதுபவருக்கு, ஒரு வரியை மாற்றியதும் அது உடனே திரையில் தெரிந்தால்தான் ஆசை குறையாமல் இருக்கும். அதில், லுவா மொழியில் 2டி கேம் எழுத உதவும் லவ் 2டிக்கு ஈடில்லை. மெயின்.லுவா என்ற ஒரே ஃபைல். லோட், அப்டேட், ட்ரா என மூன்று ஃபங்ஷன். அவ்வளவில் கேம் ஓடும். பல்லாங்குழிக்கு 14 இடம் கொண்ட ஓர் அரே (வரிசைப் பட்டியல்) போதும். லுவாவில் எண்ணிக்கை 1-இல் தொடங்கும். அதனால் அடுத்த குழி (குழி % 14) + 1; % என்பது வகுத்தால் வரும் மீதி. வேறு மொழிப் பழக்கத்தில் (குழி + 1) % 14 என்று எழுதினால், 13-க்கு அடுத்து இல்லாத 0-ஆம் குழிக்குச் சோழி போய், கேம் எர்ரரோடு நிற்கும்.

லவ் 2டியின் 11-ஆம் பதிப்பு வரிசையில் பெரிய குறை தமிழ். ‘கெ’ என்று எழுதினால் ககரம் முன்னே, கொம்பு பின்னே வரும். நாலு மெனு பட்டன் என்றால் எழுத்தைப் படமாக வரைந்து ஒட்டிவிடலாம். ஆச்சியும் பேரனும் பேசிக்கொண்டே ஆடுகிற கேமுக்கு அது ஆகாது.

அங்கேதான் தமிழ் எழுத்தைச் சரியாக அடுக்கும் கேம் எஞ்சினான கோடோ 4 வேண்டும். பழைய லேப்டாப்பில் ப்ராஜெக்ட் தொடங்கும்போதே கம்பாட்டிபிலிட்டி ரெண்டரரை (திரையில் படம் வரையும் பகுதி) தேர்ந்தெடுங்கள். மற்ற இரண்டு ரெண்டரர்களும் வல்கன் போன்ற புதிய கிராஃபிக்ஸ் வசதியைக் கேட்கும். செட்டிநாட்டு வீட்டு முற்றமான வளவின் தரைக்கு, நாலு கல் சேர்ந்து ஒரு பூவாகும் ஆத்தங்குடிக் கல் மிகப் பொருத்தம். கால் பூவை மட்டும் 32×32 பிக்சலில் வரைந்து 0, 90, 180, 270 டிகிரி திருப்பிப் பதித்தால் முழுப் பூ வந்துவிடும். படத்தைப் பெரிதாக்கும் விதமான டெக்ஸ்சர் ஃபில்டரை நியரெஸ்ட்டுக்கு மாற்றாவிட்டால் விளிம்பு மங்கும். கேமரா ஜூம் 2, 3 என முழு எண்ணாக இருக்கட்டும், 1.3 வைத்தால் சில பிக்சல் தடித்து, பூ கோணலாகும்.

தமிழ் எடிட்டரில் அழகாகத் தெரிந்துவிட்டு, வெப்பில் கட்டம் கட்டமாக வருவது பலரையும் குழப்பும். எடிட்டர் கணினியில் உள்ள தமிழ் எழுத்துருவைத் தானே எடுத்துக்கொள்கிறது. பிரவுசரில் அந்த வசதி இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு ஃபைலைப் ப்ராஜெக்டுக்குள் வைத்து, கேமின் தோற்ற அமைப்பான தீமில் இணையுங்கள்.

வசனம் ஒவ்வோர் எழுத்தாகத் தோன்ற வேண்டுமானால் இன்னொரு கவனம். ‘காரைக்குடி’ நம் கண்ணுக்கு 5 எழுத்து. கணினிக்கு 10 குறியீடு. ‘கொ’ வரும்போது முதலில் ‘க’ தோன்றி, பிறகு கொம்பு நுழைந்து அதைத் தள்ளும். வசனம் காட்டும் லேபிளின் விசிபிள் கேரக்டர்ஸ் பிஹேவியரை ‘ஆஃப்டர் ஷேப்பிங்’ என்று வையுங்கள். முழு வரியையும் முதலில் அடுக்கிவிட்டுப் பிறகு காட்டுவதால் எழுத்து குதிக்காது.