காஸ்ப்ளே கவசம் செய்யக் கொடுப்போர் கவனத்திற்கு

காஸ்ப்ளே (கேம், திரைப்படப் பாத்திரங்களைப் போல் உடையணிந்து வருவது) உடைக்கான கவசங்களைப் பிறரிடம் செய்யக் கொடுக்கப் போகிறவர்கள், முன்பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். என்னிடம் பணம் வாங்கியவர் சமூக ஊடகத்தில் படங்களைக் காட்டி ஆர்டர் எடுக்கும் ஒரு தனிநபர். அவருடைய பெயரை எழுதவில்லை. இத்தகையவர்கள் கணக்கின் பெயரை எளிதில் மாற்றிக்கொள்கிறார்கள் என்பதால், ஏமாற்றும் முறையைத் தெரிந்துகொள்வதே அதிகம் பயன்படும்.

எனக்கு மிகவும் பிடித்த வீடியோ கேம் பாத்திரம் ஒன்றின் போர் உடையில் துணி வேலை முழுவதையும் நானே தைத்தேன். மார்புக் கவசத்தையும் தோள் கவசங்களையும் மட்டும் அவரிடம் ஒப்படைத்தேன். அவை ஈவிஏ ஃபோம் என்ற மெத்தென்ற நுரைத் தாளில்தான் செய்யப்பட வேண்டும் என்று எழுத்து மூலமாகவே பேசியிருந்தோம். அந்த ஃபோம் எடை குறைந்தது. ஹீட் கன் என்ற வெப்பக் காற்றுக் கருவியால் சூடாக்கி வளைத்தால் அந்த வடிவத்திலேயே நிற்கும். நாள் முழுவதும் அணிந்திருந்தாலும் உடலோடு வளைந்து கொடுக்கும். நெரிசலில் யார் மீதாவது இடித்தாலும் காயப்படுத்தாது. அளவு பிசகக் கூடாது என்பதற்காக, உடலில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அதன் மேல் டக்ட் டேப் ஒட்டி, வெட்டியெடுத்த அளவு மாதிரியையும் அவருக்கு அனுப்பி வைத்தேன்.

வேலை எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டபோதெல்லாம் வேறு யாருக்கோ முடித்துக் கொடுத்த உடைகளின் படங்களும், உடல்நலக் குறைவு பற்றிய விளக்கங்களுமே வந்தன. உடையை அணிந்து செல்லவிருந்த காஸ்ப்ளே விழா நெருங்கிய பிறகு, மீதித் தொகையையும் பெற்றுக்கொண்டு பொருளை அனுப்பினார். பெட்டியில் ஃபோம் இல்லை. முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் பிஎல்ஏ பிளாஸ்டிக்கால் அச்சிட்டு, உப்புத்தாள்கூடப் போடாமல் பெயின்ட் அடித்த ஓடுகள் இருந்தன. பிளாஸ்டிக் அடுக்கடுக்காகப் படிந்து உருவான அச்சடுக்குகளின் கோடுகள் பெயின்டுக்கு மேலேயே தெரிந்தன. தோளின் அகலம் நான் அனுப்பிய அளவு மாதிரியோடு எந்த இடத்திலும் பொருந்தவில்லை.

பிஎல்ஏ ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கிவிடும். வெயிலில் பூட்டி நிறுத்திய காரின் டாஷ்போர்டு அந்த வெப்பத்தை எட்டக்கூடியது. விழாவுக்கு எடுத்துச் சென்ற வழியிலேயே ஒரு தோள் கவசம் காருக்குள் தொய்ந்து உருக்குலைந்தது. மார்புக் கவசமோ நான் உட்கார்ந்தபோது அச்சடுக்கின் வழியே விரிசல் விட்டது; அந்த விளிம்பு கத்தி போல் கூர்மையாக இருந்தது. குழந்தைகள் ஓடி வந்து கட்டிப்பிடிக்கும் இடத்துக்கு அதை அணிந்து செல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதன் பிறகுதான் மற்றவை வெளிவந்தன. ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே அவருடைய படங்களை இணையத்தில் படத்தேடல் செய்திருந்தேன், எதுவும் சிக்கவில்லை. இப்போது கூர்ந்து பார்த்தபோது, ஒரு படத்தில் பாத்திரத்தின் சின்னம் மார்பின் தவறான பக்கத்தில் இருந்தது. படத்தை இடவலமாகத் திருப்பித் தேடியதும் உண்மையான கைவினைஞரின் பக்கம் கிடைத்தது. அவரிடம் விசாரித்தேன், தன் படங்களைப் பயன்படுத்த யாருக்கும் அனுமதி தரவில்லை என்றார். எனக்கு வந்த கவசத்தின் வடிவமும் இன்னொருவர் இணையத்தில் இலவசமாக வெளியிட்டிருந்த கோப்புதான். வணிக நோக்கில் விற்கக் கூடாது என்ற நிபந்தனை அதிலேயே இருக்கிறது. ஆக, ஒரே ஆர்டரில் அந்த இருவரின் உழைப்பும் என் பணத்தோடு சேர்ந்து திருடப்பட்டிருக்கிறது. கைவினைப் போட்டிகளில் எந்தப் பகுதியை யார் செய்தார் என்று எழுதிக் கொடுக்கச் சொல்வது வழக்கம். நான் போட்டிக்குப் போயிருந்தால், இந்த மனிதரை உருவாக்கியவர் என்று குறிப்பிட்டிருப்பேன் என்பதை நினைக்கும்போது இன்னும் கோபம் தணியவில்லை.

ஆகவே, பெயின்ட் அடிப்பதற்கு முந்தைய நிலையில், உங்கள் பெயரும் தேதியும் எழுதிய துண்டுச் சீட்டைப் பொருளின் அருகில் வைத்து எடுத்த படத்தைக் கேளுங்கள். எந்தப் பொருளால் செய்யப்பட்டது என்பதைப் பெயின்ட் ஓரளவு மறைத்துவிடும். பெயின்ட் இல்லாத வெறும் ஃபோமையும் வெறும் முப்பரிமாண அச்சுப் பிளாஸ்டிக்கையும் குழப்பிக்கொள்ளவே முடியாது. நேர்மையாக வேலை செய்பவர்கள் இதற்கு முகம் சுளிப்பதில்லை. அவர்களில் பலர் கேட்காமலே அனுப்புகிறார்கள். அந்தப் படம் வராமல் அடுத்த தவணையைச் செலுத்தாதீர்கள்.

பணத்தை நண்பருக்கு அனுப்புவதாகக் குறித்து அனுப்பினால் கட்டணம் மிச்சமாகும் என்று அவர் என்னிடமும் சொன்னார். அப்படி அனுப்பும் பணத்துக்கு வாங்குபவருக்கான பாதுகாப்பு பொதுவாகக் கிடைக்காது என்பதால் மறுத்துவிட்டு, கிரெடிட் கார்டில் செலுத்தினேன். ஒப்பந்த உரையாடலையும் உடைந்த கவசத்தின் படங்களையும் வங்கியிடம் கொடுத்ததில் இறுதித் தவணை திரும்பக் கிடைத்தது. முன்பணத்துக்கான கோரிக்கை மட்டும், காலக்கெடு கடந்துவிட்டதாகச் சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டது. அவர் இழுத்தடித்ததன் பயன் அதில்தான் அவருக்குக் கிடைத்தது. இப்போது இதேபோல் தாமதமாகும் ஆர்டர் யாரிடமாவது இருந்தால், ஒப்படைக்கும் தேதியை இன்றே எழுத்தில் வாங்கிக்கொண்டு, முன்பணத்தைத் திரும்பக் கோருவதற்கான கடைசி நாள் எது என்று உங்கள் வங்கியிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.