பழைய பைக்குக்கு ‘20,000 லூமன்’ எல்.இ.டி. ஹெட்லைட் பல்பா? வாங்காதீங்க, ஏழு பல்ப் காசு போச்சு

பழைய பைக்கில் ஹெட்லைட் மங்கலாக இருக்கிறதே என்று ஆன்லைனில் பல்ப் தேடிக்கொண்டிருப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதை முழுக்கப் படித்துவிடுங்கள். ஒரு தரமான ஹாலஜன் பல்ப் என்ன விலையோ அதைப் போல ஏழு மடங்கு கொடுத்து வாங்கிய எல்.இ.டி. பல்ப் இப்போது மேசைமேல் செத்துக் கிடக்கிறது. போகும்போது டெயில் லைட் பல்பையும் மீட்டர் பல்பையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. ரிஃப்ளெக்டர் புள்ளி புள்ளியாகக் கறுத்துவிட்டது. விற்றவன் காசைத் திருப்பித் தரமாட்டானாம்.

விற்றது யார் என்றால், எல்லா வண்டிக்கும் எல்லா உதிரிபாகமும் கிடைக்கும் என்று சொல்லும் ஒரு ஆன்லைன் சந்தை, அதற்குள் கடை போட்டிருக்கும் ஒரு விளக்கு வியாபாரி. பெயர் போடவில்லை. இதே சரக்கை, இதே படத்தை வைத்து, வேறு வேறு பெயர்களில் பலர் விற்கிறார்கள். ஒருவன் பெயரைப் போட்டால் மற்றவனிடம் போய் வாங்குவீர்கள். சரக்கைத் தெரிந்துகொண்டால் யாரிடமும் ஏமாறமாட்டீர்கள்.

முதலில் வண்டியின் நிலை. இண்டிகேட்டர், ஹாரன், பிரேக் லைட் மட்டும் பேட்டரியில். ஹெட்லைட், டெயில் லைட், மீட்டர் விளக்கு மூன்றும், எஞ்சின் சுற்றும்போது கரண்ட் உண்டாக்கும் மேக்னெட் காயிலிலிருந்து வரும் ஏ.சி. லைனில். எஞ்சின் ஓடினால்தான் ஹெட்லைட் எரியும். ஸ்லோவில் நின்றால் மங்கும், ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் பளிச்சென்று வரும். கம்பெனி போட்டிருந்தது எச்.எஸ்.1 வகை ஹாலஜன், ஹை பீம், லோ பீம் இரண்டுக்கும் 35 வாட். பழைய சின்ன பைக்குகள் பலவும் இப்படித்தான் இருக்கும், அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இதையெல்லாம் மறைக்காமல் வாங்குவதற்கு முன்பே அந்த வியாபாரிக்கு எழுதிக் கேட்டேன். “ஹெட்லைட் ஏ.சி. லைன், பேட்டரி லைன் இல்லை, இந்த பல்ப் எரியுமா? உள்ளே ரெக்டிஃபையர் இருக்கிறதா?” என்பதுதான் கேள்வி. ரெக்டிஃபையர் என்றால் ஏ.சி.யை டி.சி.யாக மாற்றும் பகுதி, பிரிட்ஜ் அதில் ஒரு வகை. வந்த பதில் இது: “ஏ.சி., டி.சி. ரெண்டிலும் எரியும் சார். உள்ளே முழு பிரிட்ஜ் இருக்கு. 8 வோல்ட்டிலிருந்து 36 வோல்ட் வரை தாங்கும். ஓராண்டு மாற்று வாரண்டி. தைரியமா போடுங்க.” இந்த நாலு வாக்கியத்தை நம்பித்தான் காசு போனது. சும்மா ‘சூப்பர் வெளிச்சம் சார்’ என்று சொல்லியிருந்தால் வாங்கியிருக்க மாட்டேன். பிரிட்ஜ் என்ற சொல்லைச் சரியான இடத்தில் போட்டதால், விவரம் தெரிந்த ஆள் பேசுகிறான் என்ற நம்பிக்கை வந்தது. விவரம் தெரிந்தேதான் பொய் சொல்லியிருக்கிறான், அதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

பல்ப் செத்த பிறகு பிளக்குக்குப் பின்னால் வயரில் தொங்கும் அந்தக் கறுப்புக் குழாயைப் பிளந்து பார்த்தேன். பிரிட்ஜ் என்றால் நாலு டயோடு இருக்க வேண்டும், அல்லது நாலு கால் உள்ள ஒரே பிரிட்ஜ் பீஸ் இருக்க வேண்டும். உள்ளே இருந்தது ஒரே ஒரு டயோடு, எல்.இ.டி.க்குக் கரண்டை அளந்து கொடுக்க, கட்டைவிரல் நகத்தில் பாதி அளவுக்கு ஒரு டிரைவர் போர்டு, மேல்பக்கம் உப்பிப்போன ஒரு கெப்பாசிட்டர். கெப்பாசிட்டர் மேல் 25 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறது. 36 வோல்ட் தாங்கும் என்று எழுதிக் கொடுத்தவன் உள்ளே வைத்திருப்பது 25 வோல்ட் சாமான்.

இது ஏன் ஏ.சி. லைனில் சாகும் என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். மல்டிமீட்டரை ஏ.சி.யில் வைத்து ஹெட்லைட் ஹோல்டரில் அளந்தால் 13 வோல்ட் காட்டும். அது சராசரிக் கணக்கில் வருவது. ஒழுங்கான அலையாக இருந்தாலே அதன் உச்சி 18 வோல்ட்டைத் தாண்டும். பழைய வண்டிகளின் சில ரெகுலேட்டர்கள் அலையின் ஒரு பாதியை மட்டும் வெட்டி வோல்ட்டைக் கட்டுப்படுத்தும். மறு பாதியின் உச்சி எஞ்சின் வேகத்தோடு சேர்ந்து எகிறும். ஹாலஜனின் டங்ஸ்டன் இழை இதைப் பொருட்படுத்தாது, மொத்தச் சூடு எவ்வளவோ அவ்வளவுக்கு எரியும். எலெக்ட்ரானிக்ஸ் அப்படியில்லை, ஒவ்வொரு உச்சியும் நேராக அந்தக் கெப்பாசிட்டரில் போய் அடிக்கும். ஸ்லோவில் நின்றால் இதற்கு நேர்மாறு: வோல்ட் 8-க்குக் கீழே இறங்கியதும் டிரைவர் அணைந்து அணைந்து எரியும், முன்னால் சாலை முழுக்க மினுக்கும்.

இன்னொரு சேதம் பலருக்குத் தெரியாது. இந்த வண்டிகளில் ரெகுலேட்டர் மிஞ்சிய கரண்டை எர்த்துக்குத் திருப்பிவிட்டுத்தான் வோல்ட்டைப் பிடித்து வைக்கிறது. 35 வாட் இழுக்கும் ஹாலஜனைக் கழற்றிவிட்டு அதில் பாதி இழுக்கும் எல்.இ.டி.யைப் போட்டால் மிஞ்சும் கரண்ட் கூடுகிறது. ரெகுலேட்டர் வயதானதாக இருந்தால் அந்தச் சுமையைத் தாங்காது, லைனில் வோல்ட் ஏறும், அதே லைனில் இருக்கும் சின்ன பல்புகள் முதலில் போகும். ஹெட்லைட் பல்ப் ஃபியூஸ் ஆன கையோடு டெயில் லைட்டும் போகிறதே, காரணம் இதுதான். ‘கரண்டை மிச்சப்படுத்தும், வண்டிக்கு நல்லது’ என்று பெட்டியில் போட்டிருக்கிறான். இந்த மாதிரி வயரிங்கில் அந்த மிச்சம்தான் எமன்.

இப்போது பெட்டிமேல் இருக்கும் பொய்கள். 120 வாட், 20,000 லூமன் என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. லூமன் என்பது வெளிச்சத்தின் அளவு. பல்ப் உயிரோடு இருந்தபோதே பேட்டரியில் கொடுத்து, ஆம்மீட்டரை வரிசையில் சேர்த்து அளந்தாயிற்று: 12.6 வோல்ட்டில் 1.4 ஆம்பியர். பெருக்கினால் 18 வாட்கூட வரவில்லை. உண்மையிலேயே 120 வாட் என்றால் 9 ஆம்பியருக்கு மேல் இழுத்திருக்க வேண்டும், அந்த நூல் மாதிரி வயரே உருகியிருக்கும். வாட்டுக்கு 100 லூமன் என்று தாராளமாக வைத்தாலும் 1,800 லூமன். 20,000-த்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒப்பிடுவதற்கு: ஐ.நா. வாகன விதி எண் 37-இன்படி 13.2 வோல்ட்டில் எச்.எஸ்.1 பல்புக்கு ஹை பீமில் 825, லோ பீமில் 525 லூமன். அதைவிடப் பெரிய வகையான எச்-4 பல்புக்கு ஹை பீமில் 1,650, லோ பீமில் 1,000. ஒரு எல்.இ.டி. பல்ப் ஐந்திலக்க லூமன் சொன்னால் அங்கேயே மூடிவிட்டு வெளியே வந்துவிடலாம்.

லூமனாவது போகட்டும், அந்த வெளிச்சம் சாலையில் விழவில்லை என்பதுதான் பெரிய கொடுமை. எச்-4, எச்.எஸ்.1 இரண்டிலும் லோ பீம் இழைக்கு அடியில் கரண்டி மாதிரி ஒரு சின்னத் தகடு இருக்கும். கீழ்நோக்கிப் போகும் வெளிச்சத்தை அது மறைப்பதால் ரிஃப்ளெக்டரின் மேல்பாதி மட்டும் வேலை செய்து, வெளிச்சம் சாலையை நோக்கி இறங்கும். இழை இருக்கும் இடம் ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போனாலே இந்த அமைப்பு கெட்டுவிடும். வந்த பல்பில் சிப் ஒட்டியிருந்த பலகையே தடிமன், இரண்டு பக்கத்துச் சிப்புக்கும் நடுவே இடைவெளி, தகடு விரலால் தொட்டால் ஆடுகிறது. சுவரைப் பார்த்து நிறுத்தி லோ பீம் போட்டால், மேலே கோடு கிழித்தது போல் இருள் தொடங்க வேண்டிய இடத்தில் வெள்ளை மூட்டம் பரவியிருக்கிறது. எதிரே வருபவர் கண் கூசிப்போவார், நமக்கோ பத்தடிக்கு அப்பால் பள்ளம் தெரியாது. மழையில் ஈர ரோடு இருந்தால் 6,500 கெல்வின் நீலவெள்ளையில் ஒன்றுமே பிடிபடாது.

பொருத்துவதிலும் ஏமாற்று. ‘எச்-4, எச்.எஸ்.1 இரண்டுக்கும் பொருந்தும்’ என்றால், பல்பை ஹோல்டரில் உட்காரவைக்கும் காதுகளை இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒரு அளவில் வெட்டி வைத்திருக்கிறான். அதனால் ஒன்றிலும் ஒழுங்காக உட்காராமல் ஆடுகிறது. பின்னால் ஃபேனும் அலுமினியமும் நீண்டிருப்பதால் ரப்பர் மூடி ஏறாது; ஏற்ற வேண்டுமானால் ரப்பரை வெட்டச் சொல்லிக் காகிதம் வேறு வைத்திருக்கிறான். மூடியில் ஓட்டை என்றால் ஈரமும் தூசியும் நேராக ரிஃப்ளெக்டரில். அந்தப் பளபளப்புப் பூச்சு ஒரு தடவை கறுத்தால் துடைத்து எடுக்க முடியாது, துணி பட்டாலே உரியும். ஆக ஏழு பல்ப் காசோடு, ரிஃப்ளெக்டர் இருக்கும் ஹெட்லைட் டூம் காசும் சேர்ந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்னும் எரிச்சல். எழுதியவுடன் முதல் பதில்: “உங்க வண்டி வயரிங் பழசு சார், மெக்கானிக்கிட்ட காட்டுங்க.” பழைய வயரிங் என்று சொல்லிக் கேட்டுத்தானே வாங்கியது? அதை நினைவூட்டினால் வீடியோ கேட்டான். வீடியோ போனதும், “பேட்டரியில் நேரா கொடுத்துக் காட்டுங்க”. காட்டியதும், “வோல்ட் அதிகமானதால் போயிருக்கு, அது வாரண்டியில் வராது”. 36 வோல்ட் தாங்கும் என்று அவனே எழுதியதைப் படம் பிடித்து அனுப்பினேன், பார்த்ததற்கான குறி விழுந்தது, பதில் இல்லை. சந்தைக்காரர்களிடம் போனால் “விற்பனையாளரைத் தொடர்புகொள்ளவும்”. விற்பனையாளன் “தளத்தில் புகார் பண்ணுங்க”. புகார் பண்ணினால் ஒரு எந்திரம் மன்னிப்புக் கேட்கிறது, கொஞ்ச நேரத்தில் ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று தகவல் வருகிறது. எது தீர்ந்தது? காசு வரவில்லை, பல்ப் மாறவில்லை. ஆம்மீட்டர் படத்தோடு எழுதிய மதிப்புரையை ‘விதிமுறைகளுக்கு ஏற்றதாக இல்லை’ என்று தள்ளிவிட்டார்கள். ஐந்து நட்சத்திர மதிப்புரைகள் மட்டும் வரிசையாக நிற்கின்றன, அதில் பாதி கார் பல்புக்கு எழுதியவை. ஏழு பல்ப் காசு, ஒரு மன்னிப்பு வாசகத்தோடு முடிந்துவிட்டதாம்.

வெளிச்சம் கூட்ட என்னதான் வழி என்பவர்களுக்கு, தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

பல்பைக் குறை சொல்வதற்கு முன் ஹோல்டரில் வோல்ட் அளங்கள், ஹெட்லைட் எரிந்துகொண்டிருக்கும்போதே. ஏ.சி. லைனா டி.சி. லைனா என்று தெரியாவிட்டால் சாவியை மட்டும் போட்டுப் பாருங்கள், எஞ்சின் ஓடாமல் ஹெட்லைட் எரிந்தால் பேட்டரி லைன். ஹாலஜனின் வெளிச்சம் வோல்ட் மாறுவதைவிடப் பல மடங்கு வேகமாக (ஏறத்தாழ 3.4-ஆம் அடுக்கில்) ஏறி இறங்கும், 13.2 வர வேண்டிய இடத்தில் 12 வந்தால் கால் பங்குக்கும் மேல் வெளிச்சம் காலி. துரு பிடித்த எர்த், கறுத்த டிம்-பிரைட் சுவிட்ச், தளர்ந்த ஹோல்டர் முனை, இந்த மூன்றையும் சுத்தம் செய்து, அதே வாட்டில் புது ஹாலஜன் போட்டாலே பல வண்டிகளில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். பல்பின் கண்ணாடியை வெறும் விரலால் தொடாதீர்கள், எண்ணெய்ப்பசை பட்ட இடம் சூடேறி பல்ப் சீக்கிரம் போகும்.

ரிலே கிட், அதாவது பழைய சுவிட்ச் வழியாக இல்லாமல் பேட்டரியிலிருந்தே பல்புக்குக் கரண்ட் கொடுக்கும் சாமான், பேட்டரி லைன் வண்டிக்கு மட்டும். ரிலேயின் கால் எண்கள்: 30 பேட்டரியிலிருந்து, 87 பல்புக்கு, 86 பழைய சுவிட்ச் வயருக்கு, 85 எர்த்துக்கு. ஹை, லோ இரண்டுக்கும் தனித்தனி ரிலே, 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், பேட்டரி பக்கத்திலேயே 15 ஆம்பியர் ஃபியூஸ். ஏ.சி. லைனில் இதை மாட்ட வேண்டாம்.

100/90 வாட் ஹாலஜன் பக்கமே போகாதீர்கள். 35 வாட்டுக்குப் போட்ட வயரில் அது மூன்று மடங்கு கரண்டை ஓட்டும், வயரில் சூடு எட்டு மடங்கு. ஹோல்டர் உருகும், மேக்னெட்டும் அவ்வளவு தராது. நீலப்பூச்சு ஹாலஜனும் வேண்டாம், பூச்சு வெளிச்சத்தைத் தின்னும்.

எல்.இ.டி.தான் வேண்டும் என்றால், வட்டத்துக்குள் ஆங்கில ‘E’ எழுத்தும் பக்கத்தில் நாட்டு எண்ணும் அதற்குப் பின் ஒப்புதல் எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு வந்ததில் வட்டமும் எழுத்தும் மட்டும்தான், எண்ணே கிடையாது. விற்பவன் சொல்வதை எழுத்தில் வாங்கி அப்போதே படம் பிடித்து வையுங்கள். பார்சலைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். மாட்டுவதற்கு முன் ஆம்பியர் அளங்கள், ரிட்டர்ன் கெடு முடிவதற்குள். ரப்பர் மூடியை வெட்டச் சொல்லும் பல்பை வண்டியில் ஏற்றவே வேண்டாம், பெட்டியோடு திருப்பி அனுப்புங்கள்.