கோத்தகிரி மழையில் நாலு வருஷம்: துளை போட்ட பொருத்து மேசை

கோத்தகிரியில் சின்ன மரப்பட்டறை வைத்திருக்கிறேன். ஜன்னல், அலமாரி, பெஞ்சு என்று வருகிற வேலைதான். நாலு வருஷத்துக்கு முன்னால், பசை போட்டுப் பொருத்துவதற்கென்றே ஒரு மேசை செய்தேன். ஆறடிக்கு மூணடி. மேல் பலகை முழுக்க 20 மி.மீ. துளைகள், மையத்துக்கு மையம் 96 மி.மீ. துளையில் முளை, அதாவது உருளைக் குச்சி, செருகி ஒட்ட வேண்டிய சட்டங்களை அதில் அணைப்பேன். இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பும் துளை வழியாகத்தான் இறங்கும். கால்சட்டம் இன்றும் அதேதான். மேல் பலகை மட்டும் இரண்டாவது.

முதலில் போட்டது 18 மி.மீ. எம்டிஎஃப், மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை. மட்டமாக இருக்கும், துளை சுத்தமாக விழும், விலையும் குறைவு. எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை பிடித்தால் பட்டறைக்குள்ளேயே மேகம் வந்து உட்காரும். இரண்டாவது மழைக்காலத்தில் ஒவ்வொரு துளை விளிம்பும் உதடு மாதிரி உப்பிவிட்டது. மேற்பரப்புக்கு வார்னிஷ் அடித்தவன் துளைக்குள் அடிக்கவில்லை. ஈரம் அந்த வழியாகத்தான் இறங்கியிருக்கிறது. இழைப்புளி போட்டால் பஞ்சாகப் பிய்ந்து வந்தது. மலையில் இருப்பவர்கள் தயவுசெய்து எம்டிஎஃப் பக்கம் போகாதீர்கள்.

இப்போது இருப்பது ஐ.எஸ். 710 தர முத்திரை உள்ள, ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட், 18 மி.மீ. ஷீட் இரண்டை ஒட்டி 36 மி.மீ. செலவு அதிகம்தான். ஆனால் துளை ஆழமாக இருப்பதால் முளை சாயாமல் நிற்கிறது, அதுவே பெரிய லாபம். இந்தத் தடவை துளைக்குள்ளும் வார்னிஷ் அடித்தேன். அடித்ததும் துளை இறுகிவிடும், குச்சியில் உப்புத்தாளைச் சுற்றி நாலு திருகு திருகினால் சரியாகும்.

துளை போடுவதில்தான் கவனம் வேண்டும். போட்ட துளையில் முளையைச் செருகி, அதை வைத்தே அடுத்த துளையை அளந்துகொண்டு போகாதீர்கள். துளைக்குக் கால் மி.மீ. பிசகினால்கூட, பதினேழு இடைவெளி தாண்டும்போது நாலு மி.மீ.க்கு மேல் போய்விடும். எல்லா அளவையும் ஒரே மூலையிலிருந்து குறியுங்கள். அடியில் ஒரு கழிவுப் பலகையை இறுக்கிக் கட்டிவிட்டுத் துளைத்தால் கீழ்ப்பக்கம் சிலும்பாது. பிறகு சரிபார்க்க எளிய வழி இருக்கிறது. ஒரு பக்கம் மூன்று இடைவெளி, அதற்குக் குறுக்கே நாலு இடைவெளி எண்ணி, மூலைக்கு மூலை டேப் பிடியுங்கள். 480 மி.மீ. காட்டினால் துளை வரிசை சதுரம். அப்புறம் இரண்டு முளையில் ஒரு சட்டத்தையும், அதற்குக் குறுக்கே உள்ள வேறு இரண்டு முளையில் இன்னொன்றையும் அணைத்து வைத்தாலே மூலை 90 பாகையில் நிற்கும், மூலைமட்டத்தைத் தேட வேண்டாம்.

கால்சட்டத்தை முதலில் செய்துவிட்டு துளையைப் பிறகு குறித்தது என் தவறு. ஒரு வரிசை முழுக்க குறுக்குச் சட்டத்தின் மேல் விழுந்து, கிளாம்ப் உள்ளே இறங்காமல் போனது. பலகை மாற்றியபோது அந்தச் சட்டத்தை அறுத்து நகர்த்தினேன். துளைகளைக் காகிதத்தில் வரைந்த பிறகே சட்டத்தைத் தீர்மானியுங்கள்.

மார்கழி, தையில் வேறு சிக்கல். காலையில் குளிர் 10 டிகிரிக்குக் கீழே போனால் வெள்ளைப் பசை சரியாகப் பிடிக்காது, சுண்ணாம்பு மாதிரி வெளுத்துவிடும். அதனால் மதிய வெயிலில் ஒட்டி, மறுநாள் வரை இறுக்கியே விடுகிறேன். ஒரு அலமாரிக் கதவு ஆறு கிளாம்பை எடுத்துக்கொள்ளும், அடுத்த கதவுக்குக் கையில் ஒன்றும் மிஞ்சாது. ஒரு நாள் பெரியப்பா வந்து பார்த்துவிட்டு, "இத்தனை முளை நிறுத்த இடம் இருக்கே தம்பி, கிளாம்புக்கு எதுக்குக் காசு?" என்றார். சில்வர் ஓக் துண்டில் ஜோடி ஆப்பு சீவினார். முளைக்கும் சட்டத்துக்கும் நடுவில் இரண்டையும் எதிரெதிராக வைத்து, கொட்டாப்புளியால் மெல்லத் தட்டினார். இணைப்பிலிருந்து பசை மணி மணியாக, ஒரே சீராகப் பிதுங்கி வந்தது. அன்றிலிருந்து கதவுகளுக்கு ஆப்புதான். ஒரே சமயத்தில் மூன்று கதவு மேசையில் கிடக்கும்.

முளைக்கு முதலில் இரும்புக் கம்பி வெட்டி வைத்திருந்தேன். ஈரத்தில் துருப்பிடித்து, தேக்கில் கறுப்புக் கறை விட்டது. மரமுளையோ மழைக்காலத்தில் பருத்து துளைக்குள் சிக்கிக்கொண்டது. இப்போது லேத்தில் 19.5 மி.மீ.க்குக் கடைந்து, மெழுகு தேய்த்து வைத்திருக்கிறேன். ஆடி மழையிலும் கையாலேயே வருகிறது.

மொத்தம் 162 துளை போட்டேன். விளிம்பை ஒட்டிய இரண்டு வரிசைதான் தினமும் வேலைக்கு வருகிறது. நடுவில் உள்ளவற்றில் பாதிக்குள் பசை விழுந்து அடைத்துக் கிடக்கிறது. அடுத்த பலகையில் நடுவே ஒன்றுவிட்டு ஒன்றுதான் போடுவேன்.