எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி: ஐ.ஐ.டி.யா, பக்கத்து அரசுக் கல்லூரியா?

ஜாம் என்ற நுழைவுத் தேர்வு எழுதி ஐ.ஐ.டி. போவதா, பக்கத்து அரசுக் கல்லூரியிலேயே எம்.எஸ்சி. சேர்வதா? பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி கடைசி வருடத்தில் பலருக்கும் இருக்கும் குழப்பம் இது. கல்லூரியின் பெயரைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டுப் பார்ப்போம்.

முதலில் நுழைவு. அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. மதிப்பெண்ணை வைத்தே இடம். ஜாம் பிப்ரவரியில் நடக்கும்: 3 மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். இதில் 20 கேள்விகளுக்கு ஆப்ஷனே கிடையாது, விடையைக் கணக்கிட்டு எண்ணாக உள்ளிட வேண்டும். பக்கம் பக்கமாக எழுதி செமஸ்டரில் மதிப்பெண் வாங்கியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். இரண்டுக்கும் நடுவே திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், புதுச்சேரிப் பல்கலைக்கழகம் போன்றவை இருக்கின்றன. அவற்றுக்கு க்யூட் பி.ஜி. தேர்வு.

பெரிய வித்தியாசம் லேபில்தான். அரசுக் கல்லூரியின் ஆர்கானிக் ப்ராக்டிகலில் இரண்டு பொருள் கலந்த கலவையைக் கொடுப்பார்கள். ஈதரில் கரைத்து, பைகார்பனேட் விட்டுக் குலுக்கி, அமிலத்தைத் தனியே இறக்கி, உருகுநிலை பார்க்க வேண்டும். கை நன்றாகப் பழகும், இதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆனால் இரண்டாம் வருட ப்ராஜெக்டில், தயாரித்த சேர்மத்தைச் சின்னக் குப்பியில் போட்டு என்.எம்.ஆர். (சேர்மத்தின் அமைப்பைக் காட்டும் சோதனை) எடுக்க வேறு நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கும். ஸ்பெக்ட்ரம் வந்து, வினை நடக்கவே இல்லை என்று தெரியும்போது ப்ராஜெக்ட் முடியும் நேரம் வந்திருக்கும். சென்னை ஐ.ஐ.டி.யில் கருவி அதே வளாகத்தில். தவறு சீக்கிரம் தெரிந்தால் வேறு கரைப்பானிலோ வேறு வெப்பநிலையிலோ மறுபடி போட்டுப் பார்க்கலாம். ஆராய்ச்சி பழகுவது அந்த மறுபடியும் மறுபடியும் போடுவதில்தான். என் கணக்கில் ஐ.ஐ.டி.யின் உண்மையான மதிப்பு இதுவே.

அதற்கு விலையும் உண்டு. குவாண்டம், குரூப் தியரி எல்லாம் ஆரம்பத்திலேயே வேகமாக ஓடும். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு முதல் செமஸ்டர் கடினம். அரசுக் கல்லூரியில் புரியாததை ஆசிரியரிடம் தமிழிலேயே மறுபடி கேட்டுக்கொள்ளலாம், செலவும் குறைவு.

அப்புறம் வேலை. மேல்நிலைப் பள்ளியில் பி.ஜி. ஆசிரியர் ஆக வேண்டுமென்றால் பி.எட். முடித்து ஆசிரியர் தேர்வு வாரியத்தின் (டி.ஆர்.பி.) தேர்வு எழுத வேண்டும், எம்.எஸ்சி.யை எங்கே படித்தீர்கள் என்பது அங்கே பொருட்டல்ல. மருந்து கம்பெனியின் தரக் கட்டுப்பாட்டு (க்யூ.சி.) வேலைக்கு, கலவையைப் பிரித்து அளக்கும் ஹெச்.பி.எல்.சி. கருவியைத் தானே ஓட்டிய அனுபவம் கைகொடுக்கும்.

பிஎச்.டி.தான் இலக்கு என்றால் ஜாமை முழு மூச்சாக எழுதுங்கள். தேர்வாகிவிட்டால் தயங்காமல் போங்கள். கிடைக்காவிட்டால் அதற்காக ஒரு வருடத்தை வீட்டில் கழிக்க வேண்டாம் என்பேன். அரசுக் கல்லூரியில் சேர்ந்து சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வுக்குப் படியுங்கள். அதன் கெமிஸ்ட்ரி தாளின் சி பகுதியில் 60 கேள்வியில் 25க்கு விடை எழுதினால் போதும், ஒவ்வொன்றுக்கும் 4 மதிப்பெண். அந்தத் தேர்வு வழியாக ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், ஐ.ஐ.டி. பிஎச்.டி.க்கும் விண்ணப்பிக்கலாம்.

எந்தக் கல்லூரியானாலும் சேரும் முன் அங்கே இரண்டாம் வருடம் படிப்பவர் ஒருவரைப் பிடித்து, ப்ராஜெக்டுக்கு என்.எம்.ஆர். எங்கே எடுத்தார், எத்தனை நாளில் வந்தது என்று கேட்டுவிடுங்கள்.