கார்கியா, லெகோவா? சாரிட்டி கடைப் பொம்மை வேட்டையில் என் கணக்கு

போன மார்ச்சில் ஒரு சனிக்கிழமை. இங்கிலாந்தின் லெஸ்டரில் நான் வழக்கமாகச் சுற்றும் தெருவில் அடுத்தடுத்து இரண்டு சாரிட்டி கடைகள் (தானமாக வந்த பழைய சாமானை விற்று நற்பணிக்குப் பணம் சேர்க்கும் கடைகள்). முதல் கடையின் கண்ணாடி அலமாரியில் கார்கி கம்பெனி தயாரித்த ஜேம்ஸ் பாண்ட் ஆஸ்டன் மார்ட்டின் கார் பொம்மை இருந்தது. தங்க நிறம், பெட்டி கிடையாது, விலை 25 பவுண்டு. இரண்டாவது கடையில், ஜிக்சா பெட்டிகளுக்குக் கீழே தரையோரக் கூடையில், வாயை டேப் போட்டு ஒட்டிய பிளாஸ்டிக் பை நிறைய லெகோ கட்டைகள். 12 பவுண்டு. மாதத்துக்கு இவ்வளவுதான் என்று வீட்டில் பேசி வைத்திருந்த தொகையில் அன்று கையில் மிச்சம் 30. இரண்டில் ஒன்றுதான் ஆகும்.

பையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். நான்கு வருடங்களுக்கு முன்னால் என்றால் யோசிக்காமல் காரைத்தான் எடுத்திருப்பேன். இங்கிலாந்துக்கு வந்த புதிதில் நான் தேடியதெல்லாம் இரும்புக் கார்கள்தான். (இரும்பு என்று வாய் சொல்கிறது, உண்மையில் அது துத்தநாகக் கலவை.) மனம் ஏன் மாறியது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். லெகோ பக்கம் சாய்ந்துதான் எழுதுவேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டுக்கும் பொதுவானதை நீட்டவில்லை. சின்னப் பொருள், தபாலில் அனுப்பலாம், உடையாது, பூஞ்சை பிடிக்காது. கரடி பொம்மை, ஆள் பொம்மைகளான சிண்டி, ஆக்‌ஷன் மேன் எல்லாம் வேறு ஆட்கள் பார்த்துக்கொள்ளட்டும். பீனி பேபி என்ற குட்டித் துணிப் பொம்மை மட்டும் வேண்டாம். 1990-களில் அதைச் சேர்த்தால் பணக்காரராகலாம் என்று ஊரே நம்பியது. இன்று கடைக்குக் கடை கூடையில் குவிந்து கிடக்கிறது.

முதலில் கார்கள். பிரிட்டனில் தேட வேண்டிய பெயர்கள் மூன்று. லிவர்பூலில் மெக்கானோ கம்பெனி செய்த டிங்கி, வேல்ஸின் ஸ்வான்சியில் மெட்டாய் கம்பெனி 1956 முதல் செய்த கார்கி, லண்டன் ஹாக்னி பக்கம் லெஸ்னி கம்பெனி செய்த மேட்ச்பாக்ஸ். மேட்ச்பாக்ஸின் கதை எனக்குப் பிடிக்கும். தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையைத்தான் கொண்டுவரலாம் என்று பள்ளியில் விதி இருந்ததால், லெஸ்னியின் ஜாக் ஓடெல் தன் மகளுக்கு ஒரு குட்டி ரோடு ரோலர் செய்து கொடுத்தார். அதிலிருந்து பிறந்ததுதான் 1953-இல் தொடங்கிய அந்த வரிசை.

கையில் எடுத்ததும் திருப்பிப் போட்டு அடிப்பாகத்தைப் படியுங்கள். மேட்ச்பாக்ஸில் 'லெஸ்னி', 'மேட் இன் இங்கிலாந்து' என்று இருந்தால் அது 1982-இல் கம்பெனி திவாலாவதற்கு முந்தையது என்று எடுத்துக்கொள்ளலாம். மக்காவ், தாய்லாந்து, சீனா என்றிருந்தால் பிந்தையது. அடுத்தது சக்கரம். அமெரிக்காவின் ஹாட் வீல்ஸ் 1968-இல் வந்து சந்தையைக் கலக்கியதும், மறு வருடமே லெஸ்னி 'சூப்பர்ஃபாஸ்ட்' என்ற வேகச் சக்கரத்துக்கு மாறியது. அதற்கு முந்தைய சாதாரணச் சக்கரக் கார்களை வாங்கத் தனிக்கூட்டமே உண்டு. இதையெல்லாம் கற்க ஒரு வாரம் போதும். கடையில் இருக்கும் தன்னார்வலருக்கு இது பெரும்பாலும் தெரியாது. கார் வேட்டையின் ஒரே பெரிய லாபம் அதுதான். லெகோ என்றால் மட்டும் எல்லாருக்கும் விலை தெரிந்துவிடுகிறது!

கார் வேட்டையில் ஒரு கண்ணியும் இருக்கிறது, நான் விழுந்த கண்ணி. சாரிட்டி கடையில் பெட்டியோடு, புத்தம் புதிதாக, பழங்கால வேன் பொம்மைகள் வரிசையாக இருக்கும். பக்கவாட்டில் ஏதாவது தேயிலை, பிஸ்கட் கம்பெனியின் விளம்பரம். பார்த்தால் 1920-களின் பொருள் போலத் தோன்றும். அவை லிடோ கம்பெனியின் 'டேஸ் கான்' வண்டிகள். அதே ஓடெல் 1982-இல் தொடங்கிய கம்பெனி, ஆங்கிலத்தில் தன் பெயரைத் (Odell) திருப்பிப் போட்டு வைத்த பெயர் (Lledo). மேட்ச்பாக்ஸின் 'யெஸ்டர்இயர்' வரிசையின் பிற்கால வண்டிகளும் இதே ரகம். எல்லாரும் பெட்டியைத் திறக்காமலே சேர்த்து வைத்தார்கள். அதனால் எல்லாமே பெட்டியோடு மிஞ்சிவிட்டது, யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. முதல் வருடம் ஒன்று 2 பவுண்டு வீதம் 14 வாங்கினேன். 11 இன்னும் வீட்டில் இருக்கின்றன.

சரி, நல்ல காரே கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கண்ணாடி அலமாரி ஆஸ்டன் மார்ட்டினையே எடுத்துக்கொள்ளுங்கள். கார்கி அதை 1965-இல் வெளியிட்டது. சினிமாவில் கார் வெள்ளி நிறம், பொம்மை தங்க நிறம். பொத்தானை அழுத்தினால் கூரை திறந்து பக்கத்து இருக்கை ஆள் வெளியே எகிறி விழுவான். விழுந்தவன் சோபாவுக்கு அடியில் போவான், அங்கிருந்து குப்பைக்குப் போவான். கம்பெனிக்கே அது தெரிந்திருந்தது, அதனால் பெட்டிக்குள் ஒரு ரகசிய உறை வைத்து அதில் கூடுதலாக ஓர் ஆளையும் போட்டுக் கொடுத்தது. நான் பார்த்த காரில் ஆள் இல்லை, உறை இல்லை, பெட்டி இல்லை. முன் சக்கரத்துக்கு மேலே வண்ணம் நகக்கண் அளவுக்குப் பெயர்ந்திருந்தது.

முடிவைத் தீர்மானித்தது இந்த இடம்தான்: குறைந்திருப்பதை நேர்மையாக நிரப்ப முடியுமா?

காரில் முடியாது. எகிறி விழும் ஆளை இன்று புதிதாக வார்த்து விற்கிறார்கள். பெட்டியை அச்சடித்து விற்கிறார்கள். டயர்கூடக் கிடைக்கிறது. ஆனால் எல்லாமே நகல், விற்கும்போது நகல் என்று சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னதும் வாங்குபவரின் முகம் மாறும். வண்ணமோ அதைவிட மோசம். பெயர்ந்த இடத்தில் தொட்டு வைத்தால் மதிப்பு கூடாது, குறையும். முழுக்கப் பூசினால் பழைய பொம்மை என்ற தகுதியே போய்விடும். அடிப்பாகத்து ரிவெட்டை (பாகங்களைப் பிணைக்கும் ஆணி) துளைத்துப் பிரித்திருக்கிறார்களா என்று பார்ப்பதுதான் விவரம் தெரிந்தவர்களின் முதல் வேலை. துளை இருந்தால் பேரம் அங்கேயே முடிந்தது. கடையிலிருந்து எந்த நிலையில் வந்ததோ அதே நிலைதான் அதன் உச்சம். வெதுவெதுப்பான நீரும் பழைய டூத் பிரஷும் தவிர நாம் சேர்க்கக் கூடியது ஒன்றுமில்லை. மண்சட்டி விரிசல் மாதிரி, கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டினாலும் அது ஒட்டிய சட்டிதான்.

லெகோவில் முடியும். அதுவும் முழுதாக. என் பையில் இருந்ததைச் சொல்கிறேன். வீட்டுக்கு வந்து குளியல் தொட்டியில் கொட்டிப் பார்த்தபோது நீலமும் சாம்பலும் கலந்த துண்டுகள், மஞ்சள் நிறக் கண்ணாடி மாதிரியான முகப்புகள், நெஞ்சில் நிலா முத்திரை தேய்ந்த ஒரு விண்வெளி ஆள். 1970-களின் கடைசியில் வந்த விண்வெளி வரிசை. பொறுக்கிச் சேர்த்ததில் 918 என்ற எண் கொண்ட சிறிய விண்கலம் முக்கால்வாசிக்கு மேல் தேறியது. இல்லாத ஏழு துண்டுகளை பிரிக்லிங்க் என்ற இணையச் சந்தையில் தேடி வாங்கினேன், தபால் செலவோடு 5 பவுண்டுக்குள் முடிந்தது. துண்டின் அடியில் பெரும்பாலும் குட்டி எழுத்தில் ஓர் எண் இருக்கும். அந்த எண்ணும் நிறமும் தெரிந்தால் உலகத்தில் எங்கே, யாரிடம், எத்தனை பென்ஸுக்கு இருக்கிறது என்று அந்தச் சந்தை காட்டிவிடும். 2000-த்தில் தனிமனிதர் ஒருவர் தொடங்கியது. 2019-இல் லெகோ கம்பெனியே வாங்கிக்கொண்டது.

இதில் முக்கியமான விஷயம், வந்த ஏழு துண்டுகளும் நகல் அல்ல. இன்னொரு குழந்தையின் உடைந்துபோன பெட்டியிலிருந்து வந்த அதே காலத்து அசல். எந்தத் துண்டும் 'இந்தக் கலத்துக்கு' என்று மட்டும் பிறந்ததில்லை, பொதுத் துண்டுகளைக் கோத்துத்தான் எல்லாம். அதனால் மாற்றியது எது, முதலிலேயே இருந்தது எது என்ற கேள்வியே எழாது. 1958-இல் காப்புரிமை பதிவான லெகோ கட்டையின் பிடிப்பு இன்றுவரை மாறவில்லை. அன்றையதும் இன்றையதும் ஒன்றோடொன்று பொருந்தும். முக்கால் பாகம் கிடைத்தால் முழுசாக்கலாம், கால் பாகம் கிடைத்தால் துண்டு துண்டாக விற்கலாம், எதுவுமே தேறாவிட்டால் கிலோ கணக்கில் தள்ளலாம். நசுங்கிய மேட்ச்பாக்ஸை யார் கிலோவுக்கு வாங்குவார்கள்?

ஒட்டிய பையைத் திறக்கக் கடையில் விடமாட்டார்கள், அதனால் வெளியிலிருந்தே படிக்கப் பழக வேண்டும். நான் பார்ப்பது மூன்று. ஒன்று, சாம்பல் நிறம். 2004 வாக்கில் லெகோ தன் சாம்பலை நீலம் கலந்த சாம்பலாக மாற்றியது. பழையது கொஞ்சம் அழுக்கேறிய, சூடான சாம்பல். பையில் அது நிறைய இருந்தால் நல்ல சகுனம். இரண்டு, ஆட்களின் முகம். 1989-இல் கடற்கொள்ளையர் வரிசை வரும்வரை எல்லா முகத்திலும் இரண்டு புள்ளிக் கண்ணும் ஒரு சிரிப்பும்தான். மூன்று, ரயில் சக்கரமோ மோட்டாரோ மூலையில் கறுப்பாகத் தெரிகிறதா என்பது. இதெல்லாம் இல்லாமல் வேறு கம்பெனிக் கட்டைகள் பாதிக்கு மேல் கலந்திருந்தால் கீழே வைத்துவிடுங்கள். நான் வைக்காமல் ஏமாந்ததுண்டு.

லெகோவின் குறைகளையும் சொல்ல வேண்டும். வேலை அதிகம். அந்த ஒரு பையைக் கழுவி, காயவைத்து, நிறம் பிரித்து, எண் பார்த்து முடிக்க மூன்று வார இறுதிகள் ஆயின. 40 டிகிரிக்கு மேல் சூடான நீர் கூடாது, கையால்தான் கழுவ வேண்டும் என்று கம்பெனியே சொல்கிறது. தலையணை உறையில் கட்டி வாஷிங் மெஷினில் போடுபவர்கள் இருக்கிறார்கள். நான் செய்து பார்த்ததில்லை. வெயிலில் கிடந்த வெள்ளையும் நீலமும் பழுப்பாகும். ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்து வெயிலில் வைத்தால் திரும்ப வெளுக்கும் என்கிறார்கள். ஒரு கை துண்டுகளுக்குச் செய்து பார்த்தேன், வெளுத்தது. பத்து வருடம் நிற்குமா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பழைய விண்வெளி ஆளின் ஹெல்மெட் தாடைப்பட்டையில் விரிசல் இல்லாமல் கிடைப்பது குதிரைக்கொம்பு. செலவழித்த நேரத்துக்குக் கூலி போட்டால், இரவு ஷிஃப்ட் பார்க்கப் போயிருக்கலாம் என்றுதான் வரும்.

இன்னொன்று, கார் கண்ணில் படுவதே குறைந்துவருகிறது. 1990 முதல் ஐரோப்பாவில் பொம்மைகளுக்கு சி.ஈ. முத்திரை (பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டது என்று காட்டுவது) வேண்டும் என்று விதி. அதற்கு முந்தைய பொம்மையைக் குழந்தைகள் அலமாரியில் வைக்கக் கடைகள் தயங்குகின்றன. ஒன்று, சேகரிப்பாளர்களுக்கான பொருள் என்று சீட்டு ஒட்டிக் கண்ணாடிக்குள் போகும், அல்லது நேராக இணையத்துக்குப் போகும். ஆக்ஸ்பாம் என்ற தொண்டு நிறுவனத்துக்குச் சொந்த இணையக் கடையே இருக்கிறது. இன்னொரு தொண்டு நிறுவனமான பிரிட்டிஷ் ஹார்ட் பவுண்டேஷன் இபேயில் விற்கிறது. கண்ணாடிக்குள் போனதும் யாரோ விலை தேடிப் பார்த்துவிட்டார்கள் என்று அர்த்தம். அதைக் குறை சொல்ல மாட்டேன். பணம் போகும் இடம் நல்ல இடம்.

ஸ்டார் வார்ஸ் சினிமாவின் ஆள் பொம்மைகளைப் பற்றிக் கேட்பீர்கள். பிரிட்டனில் அவற்றை விற்ற பாலிடாய் கம்பெனி இருந்தது எங்கள் பக்கத்து கோல்வில்லில்தான், லெஸ்டரிலிருந்து அரைமணி நேர ஓட்டம். ஆனால் என் கைக்கு வந்தது மொத்தம் மூன்று ஆள், மூன்றிலும் துப்பாக்கி இல்லை. துப்பாக்கிக்கும் நகல் சந்தை பெரியது என்பதால் காரின் அதே சிக்கல்தான் என்று தோன்றுகிறது. அதற்கு மேல் பேச எனக்கு அனுபவம் போதாது. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய டிங்கியிலும் அப்படியே. உலோகத்தில் கலப்படம் சேர்ந்ததால் உள்ளுக்குள்ளேயே வெடித்து உதிரும் நோய் அவற்றுக்கு உண்டு. நான் தொட்டுப் பார்த்த ஒரே ஒரு காரின் கூரை விரலோடு வந்துவிட்டது.

பிரிட்டனில் விற்பவர்களுக்கு ஒரு குறிப்பு: வரியாண்டில் விற்பனை 1000 பவுண்டைத் தாண்டாத வரை வரி அலுவலகத்துக்குக் கணக்குக் காட்டும் தேவை பொதுவாக இல்லை. லாபம் அல்ல, மொத்த விற்பனை. நான் அந்த எல்லையை நெருங்கியதே இல்லை.

918-ஐ விற்றேன், போட்ட 17 பவுண்டுக்கு இரண்டரை மடங்கு வந்தது. மறுவாரம் போனபோது ஆஸ்டன் மார்ட்டின் அலமாரியில் இல்லை. பேரம் பேசாமல் ஒருவர் எடுத்துப் போனார் என்று கல்லாவில் இருந்த அம்மா சொன்னார். கொஞ்சம் வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். பையில் மிஞ்சிய ஒன்றரை கிலோ இன்னும் அலமாரி மேல் இருக்கிறது. தீபாவளிக்குள் தள்ளிவிடுகிறேன் என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். எந்தத் தீபாவளி என்று கேட்கிறாள்.